சேகரை அசைப்பது யார்? கதையில் நட்பும் காதலும் செய்யும் வேலை

சேகர் என்று ஒருவனை வைத்துக்கொள்வோம். முப்பது வயது. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் கோபத்தில் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அன்றைக்கு வீட்டை விட்டுப் போன அண்ணனோடு இன்றுவரை பேச்சில்லை. "பெரியவர் அவர்தானே, அவரே முதல்ல பேசட்டும்" என்பது சேகரின் கட்சி.

இவனை வைத்து நீங்கள் ஒரு நாவலோ நாடகமோ எழுத உட்காருகிறீர்கள். முடிவு உங்களுக்குத் தெரியும்: கடைசிப் பக்கத்தில் சேகர் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சிக்கலெல்லாம் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில்தான். அவனைத் தனி அறையில் உட்காரவைத்து யோசிக்கவிட்டுப் பாருங்கள். நூறு பக்கம் யோசித்தாலும் மாற மாட்டான். தன் பக்கத்து நியாயத்தை இன்னும் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்வான், அவ்வளவே. தனியாக இருக்கும்போது நாம் எல்லோரும் நல்ல வக்கீல்கள்.

ஆக, அவனை அசைக்க வெளியிலிருந்து ஏதாவது வர வேண்டும். எதிரி வரலாம், விபத்து வரலாம், பணமுடை வரலாம். ஆனால் எதிரி சொல்வது காதில் ஏறாது. விபத்துக்கு வாய் கிடையாது. "நீ செய்தது தப்பு" என்ற சொல் உள்ளே போய்த் தைக்க வேண்டுமானால், அதைச் சொல்பவர் சேகருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். கதைகளில் நண்பர்களும் காதலர்களும் இத்தனை இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். கிளுகிளுப்புக்கும் கலகலப்புக்கும் அவர்கள் பயன்படுவது உண்மை. ஆனால் அது உபரி வருமானம்.

சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' நூலில் இதைத் தொட்டுப் பேசியிருக்கிறார். எதிரியை எதிரி தாக்கினால் பார்ப்பவருக்குப் பெரிதாக இரக்கம் எழாது. நெருங்கியவர்களுக்குள் நடக்கும் துன்பத்தைத்தான் நாடகக்காரர்கள் தேடிப் பிடிக்க வேண்டும் என்கிறார். அந்த நெருக்கத்துக்கு அவர் சொல்லும் கிரேக்கச் சொல் 'பிலியா'. நட்பு, உறவு, பாசம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்?

'பாத்திர வளர்ச்சி' என்றதும் கெட்டவன் நல்லவனாவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இன்னும் எளிதாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கதையின் தொடக்கத்தில் அந்த ஆளால் செய்ய முடியாத ஒரு காரியத்தை முடிவில் செய்ய முடிகிறதா? அல்லது தொடக்கத்தில் கூசாமல் செய்துகொண்டிருந்ததை இனிமேல் செய்ய முடியாமல் போகிறதா? இரண்டில் ஒன்று நடந்திருந்தால் அவர் மாறியிருக்கிறார். மனதுக்குள் என்ன உணர்ந்தார் என்று ஆசிரியர் எத்தனை பத்தி எழுதினாலும் இந்தக் கணக்கில் அது சேராது.

சேகருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அவன் கேட்பது மரியாதை. அவனிடம் இல்லாதது தப்பை ஒப்புக்கொள்ளும் திராணி. இரண்டுக்கும் குறுக்கே ஒரு நம்பிக்கை நிற்கிறது: 'மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடும்.' இந்த நம்பிக்கை உடைவதுதான் கதை. சரிந்து போகும் மாற்றமும் உண்டு. நல்ல மனிதன் ஒவ்வொரு படியாக இறங்கி முடிவில் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடியவனாகிவிடுவதும் பாத்திர மாற்றம்தான். மேலே போனாலும் கீழே போனாலும், படியில் கூடவே யாரோ ஒருவர் நடந்து வருகிறார்.

நண்பன்: பழைய சேகரைத் தெரிந்தவன்

சேகருக்கு முத்து என்று ஒரு நண்பனைக் கொடுப்போம். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பழக்கம். அண்ணனிடம் சேகர் என்ன சொன்னான் என்பது முத்துவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாசலில் நின்றிருந்தான். முத்துவிடம் சேகர் எதையும் மறைக்க முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை. நட்பின் பெரிய வசதி அதுதான். நட்பின் பெரிய ஆபத்தும் அதுதான். எல்லாம் தெரிந்த ஒருவன் எதுவும் சொல்லாமல் கூடவே இருந்தால், செய்தது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றிவிடும்.

"நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்கிறது குறள். சேர்ந்து சிரிப்பதற்காக மட்டும் இல்லை நட்பு. எல்லை மீறும்போது முன்னால் போய் இடித்துச் சொல்வதற்காக. கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய சொல் 'மேற்சென்று'. கேட்ட பிறகு சொல்வதல்ல. கேட்காமலே போய்ச் சொல்வது. அப்படிச் சொன்னால் நட்பே முறியலாம். முறியலாம் என்று தெரிந்தே சொல்லும்போதுதான் அது காட்சியாகிறது. முத்து ஐந்து வருடமாகச் சொல்லவில்லை என்று வையுங்கள். அப்போது முத்துவுக்கும் ஒரு குறை வந்துவிட்டது, அவனுக்கும் வளர இடம் கிடைத்துவிட்டது.

நாடகத்தில் நண்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது கொஞ்சம் தொழில்நுட்பமானது. நாவலில் "சேகருக்கு உள்ளுக்குள் உறுத்தியது" என்று எழுதிவிடலாம். மேடையில் உறுத்தலைக் காட்ட முடியாது; யாரிடமாவது பேசினால்தான் உண்டு. அதனால்தான் சமஸ்கிருத நாடகத்தில் அரசனுக்குப் பக்கத்தில் விதூஷகன் என்ற வேடிக்கைத் தோழன் நிற்கிறான். காதலைப் பாடும் நம் சங்க அகப்பாடல்களில் தலைவிக்குத் தோழியும் தலைவனுக்குப் பாங்கன் என்ற தோழனும் நிற்கிறார்கள். ஆனால் அந்தத் தோழி காது கொடுத்துக் கேட்பதோடு நிற்பவள் அல்ல. ஒளித்துச் சந்திப்பதே சுகம் என்று நாளைத் தள்ளும் தலைவனை மடக்கி, எப்போது மணம் செய்துகொள்வாய் என்று நெருக்குகிறாள். இதற்கு 'வரைவு கடாதல்' என்று இலக்கணத்தில் தனித் துறையே இருக்கிறது. விஷயம் வீட்டுக்குத் தெரியவேண்டிய நேரத்தில் வளர்ப்புத் தாயான செவிலியிடம் உண்மையைச் சொல்லி 'அறத்தொடு நிற்பதும்' அவள்தான். களவு என்ற மறைவான காதலிலிருந்து கற்பு என்ற மணவாழ்க்கைக்குக் காதலர்கள் போகும் வழியில் பெரும்பாலும் தள்ளிவிடும் கை தோழியுடையது. இத்தனைக்கும் அந்தப் பாடல்களில் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர்கூடக் கிடையாது. பெயர் இல்லாமலே ஒரு பாத்திரத்தை நகர்த்த முடிகிறது, பக்கத்தில் சரியான ஆள் இருந்தால்.

இதற்கு நேர்மாறான ஒன்றைக் காளிதாசனின் சாகுந்தலத்தில் பார்க்கலாம். சகுந்தலைக்கு அனசூயை, பிரியம்வதை என்று இரண்டு தோழியர். ஆசிரமத்துக்கு வந்த அரசனிடம் சகுந்தலை நாணி நிற்க, அவளுக்காகப் பேசுவது அவர்கள்தான். பிறகு துர்வாசர் சாபமிடுகிறார்: யாரை நினைத்து நீ என்னைக் கவனிக்காமல் இருந்தாயோ, அவன் உன்னை மறந்து போவான். சாபம் தோழியருக்குக் கேட்கிறது, சகுந்தலைக்குக் கேட்கவில்லை. அடையாளப் பொருளைக் காட்டினால் சாபம் நீங்கும் என்று மன்றாடி வாங்கிக்கொண்ட அவர்கள், மென்மையான மனசுக்காரி தாங்க மாட்டாள் என்று அவளிடம் மறைத்துவிடுகிறார்கள். வேண்டியவர்களின் மௌனம். அதன் விளைவாக, அடையாளமாக அரசன் தந்திருந்த மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, எதுவும் தெரியாமல் அரசவையில் போய் நிற்கிறாள். அரசன் 'யார் நீ' என்கிறான். இப்போது பேசித்தர தோழியர் இல்லை. காட்டில் நாணத்தால் வாய் திறக்காமல் நின்றவள், அரசவையில் தன் வாயால் அரசனைக் கடிந்து பேசுகிறாள். எனக்கு அந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் இது. நண்பர் பக்கத்தில் இருப்பது ஒரு பாத்திரத்தை வளர்ப்பதுபோலவே, சரியான நேரத்தில் இல்லாமல் போவதும் வளர்க்கிறது.

நண்பர்களில் ஒருவர் குணம் மற்றவர்மேல் ஒட்டிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் 'டான் குயிக்சாட்' நாவல் இரண்டு பாகங்களாக 1605இலும் 1615இலும் வந்தது. வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு மனிதர்; தீவு ஒன்றுக்கு ஆளுநராக்குகிறேன் என்ற அவர் வாக்கை நம்பிக் கூடவே கழுதையில் கிளம்பும் சாஞ்சோ பான்சா என்ற குடியானவன். ஒருவர் கனவு, மற்றவர் கணக்கு. கடைசியில் மரணப் படுக்கையில் குயிக்சாட்டுக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது, எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று கைவிடுகிறார். பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கும் சாஞ்சோ, சாக வேண்டாம், எழுந்திருங்கள், ஆட்டிடையர் வேடம் போட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பலாம் என்று கெஞ்சுகிறான். கணக்குப் பார்த்து வந்தவன் கனவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கனவுக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போகிறார். எந்த ஒரு நாளில் இது மாறியது என்று சுட்டிக்காட்ட முடியாது. கூட நடந்து நடந்தே மாறியிருக்கிறது.

காதல்: புதிய சேகரை நம்பியவள்

இப்போது மாலதி வருகிறாள். மாலதிக்குப் பழைய சேகரைத் தெரியாது. அவளிடம் சேகர் சொல்லியிருப்பது: "அண்ணன் வேலை விஷயமா தொலைவுல இருக்காரு. அடிக்கடி பேசிக்குவோம்."

ஏன் பொய் சொன்னான்? கெட்டவன் என்பதால் அல்ல. அவளுக்கு முன்னால் அவன் இன்னும் கொஞ்சம் நல்லவனாக இருக்க விரும்புகிறான். காதலின் தொடக்கத்தில் எல்லோரும் கொஞ்சம் நடிக்கிறோம். நண்பனிடம் கழற்றிவைத்த வேடத்தைக் காதலில் எடுத்து மாட்டிக்கொள்கிறோம். கதைக்காரருக்கு இது பெரிய கொடை. ஏனென்றால் அந்த வேடம் அவன் என்னவாக விரும்புகிறான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தன் வாயாலேயே சேகர் சொல்லிவிட்டான்: அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனாக இருக்க அவனுக்கு ஆசை. மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று முத்துவிடம் வீம்பு பேசுகிறவனின் உள்ளே இப்படி ஒருவன் இருப்பது வாசகருக்கு இந்தப் பொய்யின் மூலம்தான் தெரிகிறது.

நட்பு, ஆள் எப்படி இருக்கிறானோ அப்படியே வைத்துப் பார்க்கிறது. காதல், ஆள் எப்படி ஆகக்கூடுமோ அப்படிப் பார்க்கிறது. வாழ்க்கையில் இந்த வித்தியாசம் இவ்வளவு கறாராக இருப்பதில்லை, நல்ல கதைகளிலும் இரண்டும் கலந்துதான் கிடக்கும். தொடங்குகிறவர்கள் பிடித்துக்கொள்ள இது ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

காதல் உடைவதாலும் பாத்திரம் வளரும். சொல்லப்போனால் மேடையில் அதிகம் வளர்வது அப்படித்தான். நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' 1879இல் வந்தது. நோரா என்ற மனைவி, கணவனின் உடல்நலத்துக்காகத் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியிருக்கிறாள். விஷயம் வெளிவந்தால் கணவன் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்வான் என்பது அவள் நம்பிக்கை; அந்த அற்புதத்தை எதிர்பார்த்தும் பயந்தும் காத்திருக்கிறாள். கடன் கொடுத்தவனிடமிருந்து கடிதம் வந்து உண்மை தெரிந்ததும் அவன் தன் பெயர் கெட்டுவிடும் என்றுதான் கத்துகிறான். ஆபத்து நீங்கியதும், சரி மன்னித்துவிட்டேன் என்கிறான். அதற்குள் நோராவுக்குக் கண் திறந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள்.

கதவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் சொல்ல வருவது கிறிஸ்டீனைப் பற்றி. அவள் நோராவின் பள்ளித் தோழி. கடிதம் எழுதிய மனிதன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவா என்று அவளிடம் கேட்கிறான். 'ஆமாம்' என்றால் போதும், நோரா தப்பித்துவிடுவாள். கிறிஸ்டீன் வேண்டாம் என்கிறாள். அந்த வீட்டில் இத்தனை மறைப்பு இனி ஆகாது, உண்மை வெளியே வரட்டும் என்கிறாள். தோழி காப்பாற்றவில்லை. அதனால் நாடகம் நடக்கிறது. சகுந்தலையின் தோழியர் உண்மையை மறைத்தார்கள், நோராவின் தோழி உண்மையைத் திறந்துவிட்டாள். இரண்டு நாடகத்திலும் நாயகி தனியாக நின்று பேச வேண்டிய இடத்துக்கு வந்து சேர்கிறாள்.

இரண்டும் ஒரே அறையில்

சேகரிடம் திரும்புவோம். முத்துவிடம் ஒரு சேகர், மாலதியிடம் ஒரு சேகர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டு பேரும் நிம்மதியாக வாழ்வார்கள். கதைக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது.

மாலதி சாதாரணமாகக் கேட்கிறாள்: "முத்து அண்ணா, நீங்க இவங்க வீட்டுக்குச் சின்ன வயசுலேர்ந்தே போய்ட்டு வர்றவங்க. இவங்க அண்ணன் எப்படி? ரெண்டு பேருமே ரொம்ப ஒட்டுதலா?"

முத்து சேகரைப் பார்க்கிறான். சேகர் தரையைப் பார்க்கிறான்.

இந்த இடத்தில் முத்துவுக்கு இரண்டு வழி. பொய்யைத் தாங்கிப் பிடிக்கலாம். நண்பன் தப்பிப்பான், மாலதி ஏமாறுவாள். உண்மையைச் சொல்லலாம், நண்பன் போவான். சேகருக்கும் இரண்டு வழி. முத்து தனக்காகப் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அல்லது முத்து வாய் திறப்பதற்குள் தானே சொல்லலாம். சொன்னால் மாலதியின் கண்ணில் இருந்த அந்த நல்ல மனிதன் போய்விடுவான். அவன் ஐந்து வருடமாகக் கட்டிக் காத்த மதிப்பும் அந்த அறையிலேயே போய்விடும்.

பாத்திரத்தை மாற்றுவது நட்போ காதலோ அல்ல என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான். அவை செய்வது விலை கேட்பது. ஒன்றை இழக்காமல் இன்னொன்றை வைத்துக்கொள்ள முடியாத ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று பாத்திரம் முடிவெடுக்கும் நொடியில்தான் மாற்றம் நடக்கிறது. விலை இல்லாத நட்பும் காதலும் கதையில் எத்தனை பக்கம் ஓடினாலும் ஆள் அப்படியே இருப்பான்.

விலை கொடுத்தால் எப்போதும் நல்லதே நடக்கும் என்றும் இல்லை. மகாபாரதக் கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். உன் குலம் என்ன என்று கேட்டு அவமானப்படுத்திய அரங்கத்தில், அங்க நாட்டுக்கு அரசனாக்கி நிமிர்ந்து நிற்கவைத்தவன் துரியோதனன். போருக்கு முன்னால் கிருஷ்ணர் வந்து, நீ குந்தியின் மகன், பாண்டவர்களுக்கு மூத்தவன், வா, அரசு உனக்குத்தான் என்கிறார். அறிய வேண்டியதெல்லாம் அறிந்தாயிற்று. கர்ணன் மறுக்கிறான். பிறகு குந்தியே வருகிறாள். அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து அனுப்புகிறான். தன்னை மனிதனாக மதித்த நட்புக்கும், காலம் கடந்து வந்த தாய்க்கும் இரண்டு பக்கமும் விலை கொடுக்கிறான். கொடுத்த பிறகு அவனிடம் உயிரைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இதை வளர்ச்சி என்பதா வீழ்ச்சி என்பதா? கூடா நட்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவன் தவறான பக்கத்தில் இருக்கிறான், அது அவனுக்கும் தெரியும். தெரிந்தபின் அங்கே நிற்கும் கர்ணனும், தெரியாமல் நின்ற கர்ணனும் ஒருவர் அல்ல.

புதிதாக எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

முதலாவது, மருந்துக் காதல். குடிகாரனோ முரடனோ ஒருவன், ஒரு பெண் அன்பு காட்டுகிறாள், அவன் திருந்துகிறான். அவளுக்கு என்ன வேண்டும், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கதை கேட்பதே இல்லை. மாத்திரைக்கு ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அது மாதிரி. இப்படி எழுதினால் நஷ்டம் அவளுக்கு மட்டுமில்லை. மறுக்கவோ விலகிப்போகவோ முடியாத ஒருத்தியின் அன்பு அவனிடம் எதையும் கேட்க முடியாது. கேட்காததால் அவனும் உண்மையில் மாறுவதில்லை. மாலதிக்கும் ஒரு கதை இருக்க வேண்டும். ஒருவேளை அவள் ஏற்கெனவே ஒருமுறை பொய்யால் அடிபட்டவள். பொய் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவேன் என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டவள். இப்போது அந்த அறையில் அவளுக்கும் ஒரு சோதனை வந்துவிட்டது.

நண்பன் பாத்திரத்துக்கும் இதே கதிதான். நாயகன் பேச, இவன் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதற்கே பிறந்தவன் மாதிரி இருப்பான். ஒரு சோதனை சொல்கிறேன். கையெழுத்துப் பிரதியிலிருந்து நண்பனைத் தூக்கிவிட்டு அந்த வசனங்களை நாயகன் செல்பேசியில் பதிவு செய்துகொள்வதாக மாற்றிப் பாருங்கள். கதை கெடவில்லை என்றால் அங்கே நண்பன் இருந்ததே இல்லை.

உரை நிகழ்த்துவது இன்னொரு வழுக்கல். "உன்னால்தான் நான் மனிதனானேன்" என்று உச்சக்கட்டத்தில் நாயகன் கண்ணீரோடு சொல்வான். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவன் ஏதாவது செய்திருக்க வேண்டும்.

சேகர் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முத்து வாய் திறப்பதற்குள், தரையைப் பார்த்தபடியே, "அஞ்சு வருஷமா பேச்சே கிடையாது. தப்பு என்னோடது" என்கிறான். மாலதி எழுந்து போய்விடுகிறாள், எதுவும் சொல்லாமல். திரும்ப வருவாளா என்பதை நீங்கள் உடனே எழுதிவிட வேண்டாம். அவள் வருவாள் என்ற உறுதி இல்லாதபோதே அவன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அவளுக்காகக் கிளம்பினால் அது பேரம்.

முத்துதான் வண்டியில் கூட்டிக்கொண்டு வருகிறான். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. சேகர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுகிறான். முத்து தெருமுனையில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறான். இவன் பாதியில் திரும்பி ஓடி வந்துவிடுவான் என்று அவனுக்கு இன்னும் சந்தேகம்.